துல்மா பக்கத்து லிவர்

புரெவ்ஜாவ் தன் பெண்டாட்டியை நகரத்துக்குப் போகவிடாமல் வண்டியோடு சேர்த்துக் கம்பியால் கட்டிப்போட்டுவிட்டான் என்று தாலன்புலாக்கில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய இடம் ஹந்தின் கடை. ஹந்த் மாவு, உப்பு, தேயிலைக் கட்டி, மெழுகுவத்தி எல்லாம் விற்பவள். செய்தி மட்டும் இனாம். ஆற்றைத் தாண்டி மேய்ச்சல்காரர்களின் கூடாரங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்பி சங்கிலியாகியிருந்தது. கணவாய்க்கு அப்பால் போனபோது பூட்டும் சாவியும் சேர்ந்துகொண்டன. சாவியைப் புரெவ்ஜாவ் விழுங்கிவிட்டதாக ஒரு ஒட்டகக்காரர் சத்தியமே செய்தார்.

எந்தப் பேச்சிலும் கால்வாசி உண்மை இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அந்தக் கால்வாசியைத் தேடிப் போனால் முதலில் தென்படுவது புரெவ்ஜாவின் வேலிக்குள் நிற்கும் பழைய ஜப்பான் வண்டி. அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பூட்ஸ் கால்கள். கால்களுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் பையோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி. சங்கிலி இல்லை. பூட்டு இல்லை. கம்பி மட்டும் இருந்தது.

அந்தப் பெண்மணிதான் துல்மா. பள்ளி விடுதியில் காலமெல்லாம் சமைத்துவிட்டு, அந்தக் கோடையில் ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் நூடுல்ஸ் சூப் குடித்து வளர்ந்தவர்கள். அதனால் அவளைப் பற்றிப் பேசுவதற்குத் தங்களுக்கு உரிமை உண்டு என்று நினைப்பவர்கள்.

கல்யாணமான கதை சுருக்கமானது. கூட்டுப்பண்ணை லாரியில் கம்பளி ஏற்ற வந்த புரெவ்ஜாவ், அவள் அப்பாவின் கூடார வாசலில் கியர்பாக்ஸை இழந்தான். லாரிக்கு அடியில் அவன் படுத்திருக்க, அவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். கியர்பாக்ஸ் சரியாவதற்குள் அவளுக்கு ஸ்பேனர் அளவெல்லாம் அத்துப்படி. மாமியார் பேரைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அன்று முதல் அவர்கள் வீட்டுப் பேச்சுவார்த்தையெல்லாம் ஸ்பேனர் வழியாகத்தான். புரெவ்ஜாவுக்குப் பேச வராது. துல்மாவுக்குக் கோபம் வந்தால் அவன் கேட்கும் பன்னிரண்டுக்குப் பதில் பதினாலைக் கொடுப்பாள். அவன் அதை வாங்கி மார்மேல் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்க்க முடியாததால் ஆக்சிலைப் பார்த்தபடி காத்திருப்பான். சில நேரம் வெகுநேரம். பன்னிரண்டு வந்துவிட்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த இலையுதிர் காலத்தில் பதினாலே வந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். தலைநகர் உலான்பாத்தரில் இருக்கும் மகள் உயங்காவுக்குக் குளிர் தொடங்கும்போது பிரசவம். முதல் குழந்தை. "அம்மா, வந்து கோடை வரைக்கும் இரு" என்று போனில் அழாத குறையாகக் கேட்டாள். துல்மாவுக்கும் போக ஆசை. வயிறு முழுக்க ஆசை. ஆனால் நடுவில் ஹோங்கோர் ஆறு ஓடியது.

அந்த ஆற்றுக்குப் பாலம் உண்டு. அரைநாள் சுற்று. புரெவ்ஜாவ் அந்தப் பாலம் தன் வாழ்நாளில் கட்டப்படவே இல்லை என்பதுபோல வண்டி ஓட்டுகிறவன். அக்கரை மேய்ச்சல்காரர்களுக்கு மாவு கொண்டுபோவதும், நோயாளியை அழைத்து வருவதும் அவன் பிழைப்பு. இறங்குதுறையில் நேராக இறங்கி ஏறுவது அவன் பெருமை. போன வசந்தத்தில், பனி உருகிய வெள்ளத்தில், தனியாக இறங்கினான். அக்கரைக் களிமண்ணில் ஏறும்போது பின்சக்கரம் வழுக்க, வண்டி பக்கவாட்டில் சரிந்து நீருக்குள் நின்றது. ஒட்டகம் கட்டி இழுக்க ஆள் வரும்வரை, பனிக்கட்டிகள் இடித்துக்கொண்டு போகும் வண்டியின் கூரைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். துல்மா இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கத்திய வசவுகளை அக்கரைக்காரர்கள் இன்றும் தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

"நான் எப்படி வர்றது உயங்கா? இவனை விட்டுட்டு வந்தா வசந்தத்துல திரும்பவும் ஆத்துல இறங்குவான். நான் அங்க குழந்தையைக் குளிப்பாட்டுவேனா, இங்க இவனை நெனச்சுக்கிட்டு கெடப்பேனா?" என்று அவள் போனில் சொன்னது கூடாரத்தின் கம்பளிச்சுவர் தாண்டி வெளியே கேட்டது. வெளியே புரெவ்ஜாவ் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே வந்தான். தேநீர் குடித்தான். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மறுநாள் வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

அவன் அங்கே செய்தது என்ன என்றால், இது. அந்த வண்டியின் பின் ஆக்சிலில் ஒரு சின்ன மின்மோட்டார் உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது டிஃபரன்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்புவது அதன் வேலை. பூட்டு விழாவிட்டால், என்ஜின் தன் பலத்தையெல்லாம் வழுக்கும் சக்கரத்துக்கே வாரிக் கொடுத்துவிடும். கெட்டி நிலத்தில் நிற்கும் சக்கரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். (இதைக் குடும்பத்தோடு ஒப்பிட வேண்டாம். ஹந்த் ஏற்கெனவே ஒப்பிட்டுவிட்டாள்.) வெள்ளத்தில் குளித்த அந்த மோட்டாரைக் கழற்றித் தட்டியபோது, உள்ளேயிருந்து மிளகாய்த்தூள் மாதிரி துரு கொட்டியது.

மோட்டார் போனால் என்ன, கை இருக்கிறதே என்பது புரெவ்ஜாவின் சித்தாந்தம். மோட்டார் இருந்த ஓட்டையை இரும்புத் தகட்டால் மூடினான். பூட்டைத் தள்ளும் தண்டின் முனையில் ஒரு கை பொருத்தினான். அந்தக் கை பழைய ஓநாய்ப் பொறியின் தாடையிலிருந்து வெட்டியது. ஓநாய்க்கே அசையாதது சேற்றுக்கா அசையும்? தண்ணீர் புகாமலிருக்க பூட்ஸுக்கு மேல் மாட்டும் ரப்பர் செருப்பிலிருந்து ஒரு வளையம். கையை இழுக்க, செத்துப்போன ருஷ்ய வேனின் ஹேண்ட்பிரேக் கேபிள். விட்டதும் திரும்பி வர, ராணுவக் கட்டிலின் ஸ்பிரிங். இழுப்பதற்கு அதே வேனின் ஹேண்ட்பிரேக் லிவர்.

பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஒன்றைக் கையால் சுற்றிப் பார்த்தான். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "இழு" என்றான். துல்மா லிவரை இழுத்தாள். ஆக்சிலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். இப்போது ஒன்றைச் சுற்றினால் மற்றதும் கூடவே வந்தது. அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோனது.

ஆனால் அந்த லிவர் இருந்த இடம்தான் ஊர் வாயில் விழுந்தது. ஜப்பான் வண்டி; ஸ்டீரிங் வலப்பக்கம். லிவரை அவன் வைத்தது இடப்பக்கம், துல்மா உட்காரும் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே. ஓட்டுகிறவன் படுத்து நீட்டினாலும் கை எட்டாது. போதாக்குறைக்கு அது இழுத்த இடத்தில் நிற்கவும் நிற்காது; பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதில் வைத்திருந்தான்: "என் பக்கம் சைலன்சர் குழாய் போகுது. கேபிள் வெந்துடும்." யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஊர்ப்பேச்சு என்பது நின்றபடியே வளர்வது.

துல்மா மாவு வாங்கப் போனபோது ஹந்த் கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்னக்கா, உங்களைக் கட்டிப்போட்டுட்டாராமே?"

"யாரு?"

"அண்ணன்தான். உங்க பக்கமா லிவர் வச்சிருக்காராம். நீங்க இல்லாம வண்டி ஆத்தைத் தாண்டாதாம். எங்க வீட்டுக்காரரு எனக்கு ஒரு கொக்கி கூட அடிச்சுத் தரமாட்டேங்கிறாரு. உங்களுக்குப் பாருங்க, கேபிளே போட்டிருக்காரு."

"சைலன்சர் அந்தப் பக்கம் போகுதாம்."

"அப்படியா சொன்னாரு?" ஹந்த் சிரித்தாள். "வாயைத் தொறந்து 'போகாதே'ன்னு சொல்ல வெக்கம் வந்தா ஆம்பளைங்களுக்கு சைலன்சர்தான் ஞாபகம் வரும்."

துல்மா மாவை வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று புரெவ்ஜாவ் பத்து கேட்டபோது பதினேழு போனது. அடியில் கிடந்தவனுக்கே புரிந்தது, விஷயம் பெரிது என்று.

அந்தக் கால்வாசி உண்மை என்ன என்பது கணவாயில்தான் தெரிந்தது.

துல்மாவின் அண்ணன் கணவாய்க்கு அப்பால் இலையுதிர்கால முகாம் போட்டிருந்தார். காய்ந்த தயிர்க்கட்டி வாங்கி வரலாம், லிவரையும் சோதித்துப் பார்க்கலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவு. துல்மா லிவரைப் பிடித்தாள். வண்டி களிமண்ணில் ஆட்டுக்கடா மாதிரி ஏறியது. கணவாய்ச் சரிவில் சரளை. அங்கேயும் பிடித்தாள். உச்சியில் ஓவோ. நீலத்துணிகள் படபடக்கும் பெரிய கற்குவியல். மலைக்கு மரியாதையாக மூன்று முறை வலம் வந்துவிட்டுத்தான் யாரும் அதைத் தாண்டுவார்கள். நடந்து போனால் நடந்து; வண்டி என்றால் வண்டியோடு.

உச்சிக்கு வந்ததும் துல்மா லிவரை விட்டாள். ஆனால் சரிவின் இறுக்கத்திலேயே திருப்பத்தை ஆரம்பித்துவிட்டதால் பூட்டு உள்ளே பல்லோடு பல் நெருக்கிக்கொண்டு நின்றது. கட்டில் ஸ்பிரிங்குக்கு அதைப் பிரிக்கும் வலு இல்லை. பூட்டிய வண்டி நேராகப் போகத்தான் லாயக்கு. திருப்பினால் முரண்டு பிடிக்கும். முதல் சுற்றில் டயர் முனகியது. இரண்டாவதில் கத்தியது. மூன்றாவது சுற்றின் தொடக்கத்தில் வண்டி திரும்ப மறுத்து, மூக்கைப் பள்ளத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"லாக் விடலியா?" என்றான்.

"நான் விட்டுட்டேன். அதுதான் விடல."

"நெருக்கிடுச்சு."

"பின்னால எடு. ஒரு முழம் எடுத்தா விட்டுடும்."

புரெவ்ஜாவ் ஓவோவைப் பார்த்தான். "பின்னால எடுத்தா இடம்வர்றதாயிடும்."

"ஒரு முழத்தை மலை கணக்குப் பாக்குமா?"

"மலை பாக்காம இருக்கலாம். உங்கண்ணன் பாப்பாரு. கீழ அவரு கூடாரம் தெரியுது. அவருகிட்ட பைனாகுலர் இருக்கு."

இது மறுக்க முடியாத வாதம். முன்னால் பள்ளம், பின்னால் பாவம். துல்மா பெருமூச்சு விட்டாள். "அப்ப ஜாக்கிய எடு."

ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் இறுக்கம் போய்விடும். அவன் ஓவோப் பக்கத்துப் பின்சக்கரத்தின் அடியில் ஜாக்கியை வைத்துக் கொஞ்சம் தூக்கிவிட்டு, ஸ்பிரிங்கைப் பார்க்கத் தலையை உள்ளே நுழைத்தான். அவள் கட்டை எடுத்துக் கொடுக்க இறங்கினாள். முழங்கால் வலிக்காரி, இத்தனை நாள் ஸ்பேனர் கொடுத்தும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. இப்போது வண்டியே ஒருக்களித்துத் தன் வயிற்றைக் காட்டியது.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கிழவா."

"ம்."

"சைலன்சர் எந்தப் பக்கம் போகுது?"

உள்ளே அவன் ஸ்பிரிங்கைத் தட்டுவதை நிறுத்தினான். 

"இடது பக்கம்."

"என் பக்கம்."

"ஆமா."

"கேபிளு?"

"அதுவும் அங்கதான். தகரம் சுத்தியிருக்கேன். வேகாது."

"ஹேண்ட்பிரேக்குன்னா பல்லு இருக்கும். இழுத்தா இழுத்த இடத்துல நிக்கும். இது ஏன் நிக்கல?"

"ராவிட்டேன்."

"எதை?"

"பல்லைத்தான். அரத்தை வச்சு ராவிட்டேன்."

துல்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஊரு சொல்றது நெசம்தானா? பேத்தியோ பேரனோ, மொகத்தைப் பாக்கவிடாம என்னை இதுல கட்டிப்போடவா இவ்வளவும் பண்ணின? போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா வெந்துடும்?"

"போகாதேன்னு யாரு சொன்னா?" என்றது ஆக்சில்.

"பின்ன?"

 பதில் வந்தபோது, கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சாக அது இருந்தது.

"உயங்காகிட்ட நீ போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு. நான் ஆத்துல எறங்கமாட்டேன்னு சொன்னா நம்புவியா? போன வருஷமும் சொன்னேன். அதுக்கு முந்தியும் சொன்னேன். எறங்கினேன். ஆத்தைப் பாத்தா எனக்குக் காலு பிரேக்குக்குப் போகாது, தெரியும்ல? என் வாயை நானே நம்பமாட்டேன். அதான் கம்பியில சொல்லியிருக்கேன். நீ பக்கத்துல இல்லன்னா லாக் விழாது. லாக் விழலன்னா அந்தக் களிமண்ணு ஏறாது. ஏறாதுன்னு தெரிஞ்சா நானும் எறங்கமாட்டேன். பாலம் சுத்திப் போவேன்." ஸ்பிரிங்கைத் தடவிக்கொண்டே, "நீ நிம்மதியா போயிட்டு வா" என்றான்.

காற்று நீலத்துணியைத் தூக்கி அவள் முகத்தில் போட்டது. அதை விலக்க அவளுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

"மொதல்ல வெளிய வா முட்டாள்" என்றாள். "வண்டி உன்மேல சரிஞ்சா நான் எப்படிப் போறது?"

அவன் வெளியே வந்து ஜாக்கியை இன்னும் நான்கு தடவை மிதித்தான். சக்கரம் தரையை விட்டதும் துள்ளி ஒரு உதறு உதறியது. 'டக்'. வண்டி பிடிவாதத்தை விட்டது. மூன்றாவது சுற்றை முழுசாக வலம் வந்து முடித்தார்கள்.

கூடாரத்தில் அண்ணன் தேநீர் ஊற்றியபடி கேட்டார்: "மூணாவது சுத்துல ஏன் அவ்வளவு நேரம் நின்னீங்க?"

"வேண்டுதல்" என்றாள் துல்மா.

"ரெண்டு பேருமா வண்டிக்கு அடியில படுத்தா வேண்டிக்கிட்டீங்க?"

"பைனாகுலரை ஆடு பாக்க வச்சுக்கண்ணே."

திரும்பி வரும்போது இறங்குதுறையில் ஒரு லாரி. மேற்கே ஹோவ்த் பக்கத்திலிருந்து உலான்பாத்தருக்குத் தர்பூசணி ஏற்றிக்கொண்டு போவது. குறுக்குவழி ஆசையில் வந்து களிமண்ணில் பின்சக்கரம் முழுகக் கிடந்தது. பக்கத்தில் சஞ்சா என்ற இளம் டிரைவர், காலையிலிருந்து மண்வெட்டி பிடித்த கையை ஊதிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்த வண்டியா இழுக்கப்போகுது? இதுவும் கூட மாட்டிக்கும்ணே."

"வண்டி இழுக்காது" என்றான் புரெவ்ஜாவ், கயிற்றைக் கட்டியபடி. "அவ இழுப்பா."

துல்மா இரண்டு கையாலும் லிவரைப் பிடித்துக் காலை ஊன்றிக்கொண்டாள். வண்டி அடிவயிற்றிலிருந்து உறுமியது. இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து மண்ணைக் கவ்வின. லாரி, பல் பிடுங்கும்போது வரும் சத்தத்தோடு மேலே வந்தது. சஞ்சா ஓடிவந்து ஜன்னலில் தொங்கினான்.

"அக்கா! கையாலயே லாரியைத் தூக்கிட்டீங்களே! ரெண்டு தர்பூசணி உங்களுக்கு. ஆனா முதலாளி எண்ணி ஏத்தியிருக்காரு. திரும்பி வரும்போது தந்துடறேன்."

"திரும்பி வரும்போது காலி லாரியாச்சே தம்பி."

சஞ்சா யோசித்தான். அவன் அதுவரை அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை போலிருந்தது. "அப்ப அடுத்த வருஷம்கா. நல்லதா ரெண்டு. தட்டிப் பாத்து எடுத்து வர்றேன்."

"உன் லாரில ஒரு ஆளுக்கு எடம் இருக்கா?" என்று கேட்டான் புரெவ்ஜாவ். அவனாகக் கேட்டது. துல்மா அவன் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை தயிர்க்கட்டி மூட்டையோடு, இரவு வேலியோரம் நின்றிருந்த லாரியில் அவள் ஏறினாள். பிரயாணம் போகிறவர்களின் பின்னால் பால் தெளிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. அந்த வீட்டில் போவதே அவள்தான் என்பதால் புரெவ்ஜாவ் கரண்டியும் குவளையுமாக நின்றான். கரண்டியால் தெளிப்பதற்குப் பதில் குவளையோடு வீசிவிட்டான். பாதிப் பால் லாரியின் பின்கதவில் வழிந்தது. சஞ்சா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். துல்மா சிரிக்கவில்லை, கழுத்தை வெளியே நீட்டி, லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று மத்தியானமே ஹந்தின் கடையில் புதுச்செய்தி: பெண்டாட்டியைத் தர்பூசணி லாரியில் ஏற்றித் துரத்திவிட்டான். பழைய செய்தியோடு இது ஒத்துப்போகவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "அதான், கம்பி அறுந்துடுச்சு" என்றாள் ஹந்த். அவளே பிற்பாடு துல்மாவுக்குப் போன் போட்டு விசாரித்தாள்.

"ஏன்கா, நீங்க இல்லாதப்ப லிவரைக் கயித்தால கட்டிட்டு எறங்கிட்டாருன்னா?"

"கட்டமாட்டான்."

"எப்படித் தெரியும்?"

"ராவினது அவன்தான்" என்று சொல்லிவிட்டு, அழுகிற குழந்தையைக் காரணம் காட்டி போனை வைத்தாள் துல்மா. குழந்தை பெண். முகம் அதன் அப்பாவுடையது; பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் முறைக்கிற வழக்கம் மட்டும் தாத்தாவுடையது.

வசந்தம் வந்தது. ஹோங்கோர் ஆறு கலங்கிப் பனிக்கட்டியை உருட்டிக்கொண்டு ஓடியது. அக்கரைக்காரர்கள் கரையில் நின்று கை தட்டினார்கள். "என்ன அண்ணே, துல்மா அக்கா இல்லாம ஆறு பெருசாயிடுச்சா?" என்று கூவினார்கள். புரெவ்ஜாவ் துறைவரைக்கும் போய், வண்டியை நிறுத்தி, பக்கத்து இருக்கையை ஒரு தடவை பார்ப்பான். அப்புறம் ஸ்டீரிங்கை ஒடித்துப் பாலத்துப் பக்கம் திருப்புவான். அரைநாள் சுற்றி அவன் போய்ச் சேரும்போது மாவு காத்திருந்தவர்கள் வசவோடு காத்திருந்தார்கள். வசவுகள் எல்லாம் துல்மாவுடையவை என்பதால் அவனுக்கு அவை கேட்க நன்றாகவே இருந்தன.

சாயங்காலங்களில் போன் வரும்.

"எங்கேருந்து வர்ற?"

"பாலத்துலேருந்து."

"ம். சாப்டியா?"

"ம். பாப்பா?"

"தூங்குது. அந்தப் பையன் லாரி வந்துச்சா?"

"போன மாசம் போச்சு. காலியா. ஹாரன் அடிச்சான், நிக்கல."

"விடாதே. ரெண்டு. நான் வந்தப்புறம்தான் வெட்டணும்."

"சரி."

"சிவப்பா இல்லன்னா திருப்பிக் குடுத்துடு."

"மொதல்ல வரட்டும்" என்றான் புரெவ்ஜாவ்.